ஈசலாக இருக்கட்டும்

அக்டோபர் 6, திங்கள்

மூன்று மாதப் பராமரிப்பு முடிந்து இன்று காலை ஆறரை மணிக்கு வளையத்தில் மறுபடி ஒளி வந்தது. நேரத்தை உடனே எழுதிவைத்தேன். எழுதாமல் விட்ட எதுவும் நடந்ததாகவே எனக்குத் தோன்றுவதில்லை, அது என் பிறவிக்குணம்.

கழுகுமலைக்குக் கிழக்கே, கரிசலை வழித்தெடுத்துவிட்டுப் பாறைமேல் கட்டிய வட்டக் கட்டடம் இது. சுற்றிவர அரைக் கிலோமீட்டர். உள்ளே ஒரு குழாயில் எலெக்ட்ரான்கள் ஓடிக்கொண்டே இருக்கின்றன. கேன்டீன் செண்பகவல்லி அதைத் தன் தங்கைக்குப் போனில் விளக்கிக்கொண்டிருந்தாள்: "மழத்தண்ணி கெடக்க ரோட்டுல பஸ்ஸு வேகமா திரும்புனா ஓரத்துல நிக்கவ மேல தெறிக்கும்லா? அது மாதிரி திரும்புத எடத்துல எல்லாம் வெளிச்சம் தெறிக்குமாம் ட்டி. அத வச்சித்தான் படம் புடிக்காவ." பதினைந்து வருடமாக இங்கே பார்க்க வரும் கல்லூரிப் பிள்ளைகளுக்கு நான் பாடம் எடுத்திருக்கிறேன். இவ்வளவு தெளிவாக ஒருநாளும் சொன்னதில்லை. கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது.

வளையத்திலிருந்து ஒளி பிரிந்து வரும் எங்கள் ஒன்பதாம் கிளையில் அந்த ஒளியால் பெண்களின் மார்பகத்தைப் படம் பிடிக்கப்போகிறோம். சாதாரண எக்ஸ்ரே நிழலை மட்டும் பார்க்கும். சதைக்குள் சதையாக ஒளிந்திருப்பது நிழலில் தெரியாது. எங்கள் ஒளி சதையின் ஓரங்களில் இம்மியளவு வளைகிறது, அந்த வளைவையும் பார்க்கிறோம். முதலில் ஆரோக்கியமான எட்டுப் பெண்கள். அந்த எட்டுப் படமும் சரியாக வந்தால்தான் நோயாளிகளைப் பார்க்க அனுமதி. மூன்று வருடமாக அதற்குத்தான் காத்திருக்கிறேன்.

நாளை பௌர்ணமி. நிலா இழுத்தால் பாறையும் நெகிழும், வளையம் தலைமுடிக் கனம்கூட இல்லாத அளவுக்கு நீளும். கருவி அதைக் காட்டிவிடும். இவ்வளவு பெரிய இரும்பு நிலவுக்கு மசிவதைப் பார்ப்பதில் எனக்கு இன்னும் அலுப்பு வரவில்லை.

கைப்பையை வலது தோளுக்கு மாற்றிவிட்டேன். இடது பக்கம் வார் உறுத்துகிறது.

அக்டோபர் 8, புதன்

இன்று மெழுகில் செய்த மார்பகத்தை வைத்து ஒத்திகை. படம் எடுக்கும் ஈய அறைக்குள் தவறுதலாக யாரும் மாட்டிக்கொள்ளக் கூடாது. அதை மூடுவதற்குமுன் ஒருவர் உள்ளே சுற்றிவந்து, மூன்று மூலையிலும் பொத்தானை அழுத்தி, "யாராவது உள்ளே இருக்கீங்களா?" என்று சத்தமாகக் கேட்க வேண்டும். பிறகுதான் கதவு பூட்டும். நான் எப்போதும் உரக்கவே கேட்பேன். டெக்னீஷியன் சுடலைமணிக்கு அதில் ஒரே சிரிப்பு.

"என்ன மேடம், ஆளே இல்லாத அறையில தெனமும் போயி யாரு இருக்கீங்கன்னு கேக்கிய. என்னைக்காவது பதில் வந்தா என்ன செய்விய?"

"உன் பேரைச் சொல்லிக் கூப்பிடுவேன். பேயெல்லாம் உன் சாமிக்குத்தானே கட்டுப்படும்."

"சுடலைக்கே பேய் காட்டுதியளா!" என்றான். 

பேய் என்று இங்கே நாங்கள் சொல்வது வேறொன்று. ஒவ்வொரு படத்துக்கும் முன்னால், ஒளியின் பாதையில் எதுவுமே இல்லாமல் ஒரு படம் எடுப்போம். அதற்கு வெறும்படம் என்று பெயர். ஒளியிலேயே உள்ள கோடு, கறை எல்லாம் அதில் பதியும், பிறகு நிஜப் படத்திலிருந்து அவற்றைக் கழித்துவிடலாம். ஆனால் வெறும்படத்தில் ஒரு தூசி இருந்துவிட்டால், இல்லாத தூசி நிஜப் படத்தில் வந்து உட்காரும். அதுதான் பேய். பெரும்பாலும் வட்டமாக வரும், நட்டநடுவில் விழுந்தால் மட்டும் ஒரு புள்ளி. அதனால் வெறும்படம் எடுத்தவர் அதை உடனே திறந்து பார்த்து, பார்த்தேன் என்று கையெழுத்துப் போட வேண்டும். இது நான் போட்ட விதி. பார்க்காமல் கையெழுத்துப் போட்ட ஒரு பையனைப் போன வருடம் அழவைத்து அனுப்பினேன்.

அக்டோபர் 9, வியாழன்

துணி துவைத்தேன். பவழமல்லிக்குத் தண்ணீர் விட்டேன். குளிக்கும்போது சோப்பு கை தவறியது. அதை எடுக்காமல் வெகுநேரம் நின்றிருந்தேன், ஏனென்று தெரியவில்லை.

அக்டோபர் 13, திங்கள்

சாயங்காலம் முதல் மழை. கரிசல் வெடிப்புகள் தண்ணீரைக் குடிக்கும் சத்தம் வாசலில் நின்றால் கேட்கிறது. காற்றாலைகள் பாதிவரை மேகத்துக்குள். இறக்கைகள் கீழே வரும்போது மட்டும் தெரிந்து மறுபடி மறைந்தன. மழை பெய்தால் மண் உப்பும், வளையமும் மெல்ல மூச்சு வாங்கும். அதைச் சரிசெய்துகொண்டே இருந்ததில் காப்பி ஆறிவிட்டது.

அக்டோபர் 14, செவ்வாய்

விடியும்போது கூடம் முழுக்க ஈசல் இறகு. நடந்தால் காலைச் சுற்றிப் பறக்கிறது. செண்பகவல்லி ஒரு கூடை பிடித்து வறுத்து, பொரியோடு கலந்து கொண்டுவந்தாள். "தின்னு பாருங்க மேடம், இது ரெண்டு நாளைக்குத்தான் கெடைக்கும்." நன்றாகத்தான் இருந்தது.

முதல் நான்கு பெண்களுக்குப் படம் எடுத்தோம். எண் ஒன்றிலிருந்து நான்கு. பெயர் யாருக்கும் தெரியக் கூடாது. பெயர்ப் பட்டியல் டாக்டர் பெமிலாவின் இழுப்பறையில் பூட்டியிருக்கும். பெமிலா நாகர்கோவிலிலிருந்து வந்திருக்கிறாள். கல்லூரியில் ஒரே அறையில் இருந்தவர்கள் நாங்கள், இன்றும் என் சீப்பைக் கேட்காமல் எடுக்கிறாள்.

அக்டோபர் 15, புதன்

மீதி நான்கு பேர். செண்பகவல்லி ஆறாவது. குப்புறப் படுத்ததும் பலகையிலுள்ள துளைவழியே மார்பகம் கீழே தொங்கும். அழுத்துவது, நசுக்குவது எதுவும் கிடையாது. ஒளி அசையாது, பலகைதான் மெல்லச் சுற்றும். எழுந்து வந்தவள், "கோயில் மாதிரில்லா இருக்கு. சாமி நிக்கும், நாமதான் சுத்தி வரணும்" என்றாள். 

எட்டுக்கு ஓர் ஆள் குறைந்தது. அவள் எழுந்ததும் நானே படுத்தேன். ஒருமுறை பட்டறிந்தால்தானே வருகிறவர்களுக்குச் சொல்ல முடியும், அதற்காகத்தான். 

இருட்டில் பலகை சுற்றும்போது பயமே இல்லை. தண்ணீரில் மிதப்பது மாதிரி இருந்தது. ஒளிக்குச் சத்தம் இல்லை, சூடும் இல்லை. எங்கோ அரைக் கிலோமீட்டர் வட்டத்தில் ஓடிவந்து திரும்பிய ஒன்று என் வழியாகப் போய்க்கொண்டிருந்தது. கண்ணை மூடியிருந்தேன். அம்மா தலைமாட்டில் உட்கார்ந்திருக்கிற நினைப்பு.

ஒன்றை எழுதிவிடுகிறேன். ஏழாம் எண்ணுக்கான வெறும்படத்தை நான்தான் எடுத்தேன். திறந்து பார்க்கவில்லை. கையெழுத்து மட்டும் போட்டேன். ஏதோ அவசரம்.

அக்டோபர் 16, வியாழன்

படங்களை ஒவ்வொன்றாகக் கோத்து உருவாக்கினேன். எத்தனை அழகு! பால் நாளங்கள் கிளைகிளையாக, கொழுப்பு மேகம் மேகமாக. நாள் முழுக்க அதற்குள்ளேயே நடந்து திரிந்தேன்.

ஏழாம் எண்ணின் இடது படத்தில், ஏறக்குறைய நட்டநடுவில், ஒரு நட்சத்திரம். ஒன்பது மில்லிமீட்டர். பட்டாணி அளவு.

பேயாக இருக்கும். நடுவில் விழுந்தால் பேய் புள்ளியாகத்தானே வரும். மழைக்குப் பின்னால் எங்கே பார்த்தாலும் ஈசல். ஒளி வரும் சாளரத்தில் ஒன்று ஒட்டியிருந்திருக்கும், நான் வெறும்படம் எடுத்த பிறகு பறந்திருக்கும். நான் திறந்து பார்க்கவில்லை என்பதுதான் எழுத்திலேயே இருக்கிறதே. என் தப்புதான்.

ஏழாம் எண் யார் என்று எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளவும் கூடாது, அது விதி.

அக்டோபர் 17, வெள்ளி

பெமிலா போன் செய்தாள். "ஏழு படம் வந்துட்டு. ஏழாம் நம்பரு எங்கே?"

"தரம் பார்த்துக்கிட்டிருக்கேன். ஒரு கறை இருக்கு."

"நீ எடுத்த படத்துல கறையா? கலிகாலம்! சரி, சீக்கிரம் அனுப்பு. எட்டும் சேந்து வந்தாதான் நான் ரிசல்ட் எழுத முடியும், கேட்டியா?"

வெறும்படத்தைத் திறந்து பார்க்க ஒரு நிமிடம் போதும். ஈசல் இருந்தால் இருக்கும், இல்லாவிட்டால் இல்லை. இன்று வேலை அதிகம். நாளை பார்க்கலாம்.

அக்டோபர் 18, சனி

சுடலைமணியைக் கேட்டேன். "புதன்கிழமை காலையில சாளரத்துல ஈசல் இருந்துச்சா?"

"இல்ல மேடம்."

"நல்லா நினைச்சுப் பாரு. ஒண்ணே ஒண்ணாவது?"

"எங்க மாடன் மேல சத்தியமா ஒண்ணு கெடயாது. செவ்வாக்கெழம சாயந்தரமே தட்டி விட்டுட்டு வலத்துணி கட்டிட்டேன். நீங்க எம்மேல பழி போடாண்டாம்."

"உன்னை யாரு கேட்டா வலைத்துணி கட்டச் சொல்லி?" என்று கத்திவிட்டேன். அவன் முகம் சுண்டிப்போயிற்று. ஒழுங்காக வேலை செய்ததற்காக ஒருவனைத் திட்டியது இதுவே முதல் தடவை. துணி என்றால் ஓட்டை இருக்காதா? ஈசல் நுழைய எவ்வளவு இடம் வேண்டும்? இதையெல்லாம் அவனிடம் சொல்லவில்லை.

வீட்டுக்கு வந்து மன்னிப்புக் கேட்டு ஒரு செய்தி அனுப்பினேன். "பரவால்ல மேடம், தீவாளி வாழ்த்துக்கள்" என்று ஒரு மத்தாப்புப் படத்தோடு பதில் போட்டிருக்கிறான்.

அக்டோபர் 20, திங்கள், தீபாவளி

வளையம் நிறுத்தம். ஊரில் அதிகாலையிலேயே வெடி.

விடியற்காலையில் ஒரு கனவு. இருட்டுக்குள் எட்டுப் பலகைகள் சுற்றுகின்றன, எட்டிலும் பெண்கள். மேலிருந்து ஈசல் இறகு பொழிந்துகொண்டே இருக்கிறது, ஒவ்வொன்றிலும் கொஞ்சம் வெளிச்சம். சாளரத்தில் ஒரே ஒரு ஈசல். போகாதே, இங்கேயே இரு என்று அதனிடம் கெஞ்சுகிறேன். அது என்னைப் பார்க்கவே இல்லை. இறகைக் கழற்றிவைத்துவிட்டு நடந்துபோகிறது.

எழுந்து எண்ணெய் தேய்த்துக் குளித்தேன். பீரோவைத் திறந்து அம்மாவின் மார்பக எக்ஸ்ரே படத்தை எடுத்து ஜன்னலில் பிடித்துப் பார்த்தேன். வருடத்துக்கு ஒருமுறை பார்ப்பதுதான். முழுக்க வெள்ளை. மூடுபனிக்குள் ஊரைத் தேடுவது போலிருக்கும். ஒன்றும் இல்லை, பயப்படாதீர்கள் என்று அப்போது சொன்னார்கள். சொன்னவர்கள் மேல் தப்பில்லை, அந்தப் படத்தில் ஒன்றும் தெரியத்தான் இல்லை. எட்டு மாதத்தில் அம்மா போய்விட்டாள். அப்போது அவளுக்கு நாற்பத்தெட்டு.

எனக்கு வருகிற தையில் நாற்பத்தெட்டு.

வாழ்நாள் முழுக்க ஒரு தப்பும் செய்யக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு வேலை பார்த்தவள் நான். கடவுளே, இந்த ஒன்று மட்டும் என் தப்பாக இருக்கட்டும். ஓர் ஈசலாக இருக்கட்டும். ஊர் சிரிக்கட்டும், அனுமதி இன்னும் மூன்று வருடம் தள்ளிப்போகட்டும்.

அக்டோபர் 22, புதன்

இன்றும் பார்க்கவில்லை.

அக்டோபர் 23, வியாழன்

மதியம் செண்பகவல்லி சாப்பாட்டுத் தட்டோடு என் அறைக்கே வந்தாள். வைத்துவிட்டுப் போகவில்லை.

"மேடம், எட்டு பேருக்கும் ஒண்ணாதான் சொல்லுவோம்னிய. வாரம் ஒண்ணு ஓடிட்டு. ஏன் சொல்ல மாட்டேங்கிய? எனக்குத்தான் ஏதோ இருக்கு, அதான மூடி வைக்கிய?"

"அப்படி இல்ல, செண்பகவல்லி."

"பொறவு எப்படி? தீவாளிக்கு அதிரசம் சுட எண்ணெயக் காய வச்சவ அப்படியே அடுப்ப அணைச்சிட்டேன். ஏம்மா பேயறஞ்ச மாரி இருக்கன்னு எம்மவ கேக்கா. இருக்குன்னா இருக்குன்னு சொல்லிப் போடுங்க. அழுதுட்டு ஆஸ்பத்திரிக்குப் போவேன். இல்லன்னா சிரிச்சிட்டுச் சோறு பொங்குவேன். இப்ப ரெண்டும் செய்ய முடியலய எனக்கு."

ஆறாம் எண்ணின் படம் அப்பழுக்கில்லாதது. அதை நான் சொல்லக் கூடாது. ஏழு பெண்களை ஒரு வாரமாக இப்படி நிறுத்திவைத்திருக்கிறேன். எனக்கு வெட்கமாக இருந்தது.

"நாளைக்குச் சொல்லிடுவோம்" என்றேன்.

போகும்போது வாசலில் திரும்பி நின்றாள். "நீங்களும் சாப்பிடுங்க. ரெண்டு வாரமா பைய வலத்தோள்லயே போட்டுட்டு அலையிய, மொகமும் வெளிறிக் கெடக்கு. என்னன்னு கேட்டா கோவப்படுவிய." கதவை மெல்லச் சாத்திவிட்டுப் போனாள்.

தட்டைத் தள்ளிவைத்துவிட்டு வெறும்படத்தைத் திறந்தேன். மணி இரண்டு பத்து.

ஒன்றும் இல்லை. ஒளியின் கோடுகள் மட்டும், மேலிருந்து கீழாக, நீரோட்டத்து மணலில் படிந்த வரிகளைப் போல. ஓர் ஈசல் இல்லை, ஓர் இறகு இல்லை, தூசி இல்லை. என் வாழ்நாளில் நான் எடுத்த வெறும்படங்களிலேயே சுத்தமானது இதுதான்.

பக்கத்தில் ஏழாம் எண்ணின் படத்தை வைத்தேன். நட்சத்திரம் அப்படியே இருந்தது. பெரிதாக்கிப் பார்த்தேன். அதிலிருந்து நாலு பக்கமும் மெல்லிய கால்கள் நீண்டு சதைக்குள் போகின்றன. இதை முதல் நாளே பார்த்தேன், எழுதவில்லை. எங்கள் ஊரில் சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும், பேய்க்குக் கால் கிடையாது.

ஐந்து மணிக்கு பெமிலாவுக்கு அனுப்பினேன். தரம்: சரி. கறை: இல்லை. கையெழுத்துப் போட்டேன். இந்த முறை பார்த்துவிட்டு.

அக்டோபர் 24, வெள்ளி

பெமிலா முதல் பஸ்ஸிலேயே வந்துவிட்டாள். இழுப்பறையைத் திறந்து பட்டியலைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். வெகுநேரம் பட்டியலை மடித்துக்கொண்டே இருந்தாள்.

"ஏழாம் நம்பரு ஆருன்னு ஒனக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"எத்தர நாளா?"

"படத்துக்கு முன்னாலேயே. குளிக்கும்போது கைக்குச் சிக்கியும் சிக்காமலும் இருந்துச்சு."

"ஏண்டி எங்கிட்ட சொல்லல? நான் ஆரு ஒனக்கு?"

"நோட்டுலயே எழுதல பெமிலா. உங்கிட்ட எப்படிச் சொல்ல?"

அவள் அழுதாள். டாக்டர் அழுவதைப் பார்த்ததும் எனக்கும் அழுகை வந்தது. பத்து நாளாக வராதது மொத்தமாக வந்தது. பிறகு அவளே என் சீப்பை எடுத்து என் தலையை வாரிவிட்டாள்.

மற்ற ஏழு பேருக்கும் ஒன்றும் இல்லை. கேன்டீனிலிருந்து சாயங்காலம் அதிரச வாசனை வந்தது.

அக்டோபர் 29, புதன்

நாகர்கோவில். சாதாரண மாமோகிராம் எடுத்தார்கள். முழுக்க வெள்ளை. அம்மாவின் படமேதான், ஒரு வித்தியாசமும் இல்லை. இதை மட்டும் பார்த்திருந்தால் ஒன்றுமில்லை என்று அனுப்பியிருப்பேன் என்று அந்தப் பெண் டாக்டரே சொன்னார். எங்கள் படத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, அல்ட்ராசவுண்டில் தேடி, அந்த இடத்தில் ஊசிவிட்டுச் சதைத் துணுக்கு எடுத்தார்கள்.

வெளியே மேற்கு மலைமேல் மேகம் உட்கார்ந்திருந்தது. பெமிலா எனக்கு நன்னாரி சர்பத் வாங்கித் தந்தாள்.

நவம்பர் 3, திங்கள்

புற்றுதான்.

சிறியது, வேறெங்கும் பரவியதாகத் தெரியவில்லை என்றார் அறுவை மருத்துவர். "இந்த அளவுல எல்லாரும் வந்தா எங்களுக்குப் பாதி வேலை மிச்சம்" என்றார். 

சாயங்காலம் அனுமதிக் கடிதமும் வந்தது. ஒன்பதாம் கிளை இனி நோயாளிகளைப் பார்க்கலாம். சோதனை அறிக்கையையும் கடிதத்தையும் ஒரே உறையில் போட்டுவைத்தேன். சந்தோஷமா துக்கமா என்று எனக்கே தெரியவில்லை. இரண்டும்தான்.

நவம்பர் 5, புதன்

மறுபடி பௌர்ணமி. வளையம் தலைமுடிக் கனம்கூட இல்லாமல் நீண்டிருப்பதைக் காலையில் கருவியில் பார்த்தேன். 

அறுவைக்குமுன் கட்டியின் கால்கள் எதுவரை போகின்றன என்று தெளிவாக ஒரு படம் வேண்டும் என்றார் மருத்துவர். ஒன்பதாம் கிளையின் முதல் நோயாளி. எண் கிடையாது, பெயர்தான். படிவத்தில் பெமிலா பெரிய எழுத்தில் எழுதினாள்: பிரம்மசக்தி, வயது 47.

சுடலைமணி வெறும்படம் எடுத்துத் திறந்து பார்த்தான். மறுபடி எடுத்தான், மறுபடி பார்த்தான். "மூணு தடவ பாத்துட்டேன் மேடம். ஒண்ணுமில்ல, சுத்தம்" என்று என் பக்கம் திருப்பிக் காட்டிவிட்டுக் கையெழுத்துப் போட்டான். செண்பகவல்லி கேன்டீனைப் பூட்டிவிட்டு வந்து வெளியே நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள்.

குப்புறப் படுத்தேன். பெமிலா போர்வையைச் சரிசெய்துவிட்டு வெளியேறினாள். சுடலைமணியின் செருப்புச் சத்தம் அறையைச் சுற்றி வந்தது. முதல் மூலை, பொத்தான். இரண்டாம் மூலை, பொத்தான். மூன்றாவதில் நின்றான். எப்போதும் முணுமுணுத்துவிட்டுப் போகிறவன் இன்று என்னைப்போலவே உரக்கக் கேட்டான்.

"யாராவது உள்ள இருக்கியளா?"

பதினைந்து வருடமாக நான் கேட்ட கேள்வி அது. ஒருநாளும் பதில் வந்ததில்லை.

"நான் இருக்கேன், சுடலை" என்றேன். "நீ போய்க் கதவைச் சாத்து."